கணினிக்குள் உளவு மென்பொருள்: வாங்கும்போதும் வாங்கிய பின்னும்

கேள்வி: எங்கள் வீட்டுக் கணினி வேகமாகவே இயங்குகிறது, தேவையற்ற விளம்பரங்களும் வருவதில்லை. ஆனாலும், என் மின்னஞ்சல் கணக்கில் வேறு ஊரிலிருந்து யாரோ நுழைந்திருப்பதாக அறிவிப்பு வந்தது. கடவுச்சொல்லை யாரிடமும் சொன்னதில்லை, ஓ.டி.பி. பாதுகாப்பும் வைத்திருக்கிறேன். உளவு மென்பொருள் இருந்தால் கணினி மந்தமாகும் என்கிறார்களே? (வாசகி, ஈரோடு)

பதில்: மந்தமாவதை வைத்து உளவு மென்பொருளைக் கண்டுகொள்ளும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. 2000-களின் தொடக்கத்தில் பரவியவை, இலவச மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, உலாவியின் (பிரவுசரின்) முகப்புப் பக்கத்தை மாற்றி, திரை முழுவதும் விளம்பரங்களைக் கொட்டித் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்தன. இன்று அஞ்ச வேண்டியவை தகவல் திருடும் நிரல்கள். உலாவியில் சேமித்து வைத்த கடவுச்சொற்கள், படிவங்களில் தானாக நிரம்பும் விவரங்கள், குக்கிகள் ஆகிய அனைத்தையும் சில நிமிடங்களில் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, பல நேரங்களில் அவை தம்மைத் தாமே அழித்துக்கொள்கின்றன. பிறகு சோதித்தால் கணினியில் எதுவும் அகப்படாது.

ஓ.டி.பி. இருந்தும் எப்படி நுழைந்தார்கள் என்பதற்கு விடை குக்கியில் இருக்கிறது. நீங்கள் ஒருமுறை கடவுச்சொல்லும் ஓ.டி.பி.யும் கொடுத்து உள்ளே சென்றதும், அந்தத் தளம் உங்கள் உலாவியில் ஓர் அடையாளத்தை வைத்துவிடுகிறது. இடைவேளைக்குப் பிறகு கிழித்த டிக்கெட்டைக் காட்டினாலே திரையரங்கில் உள்ளே விடுவதைப் போல, அந்த அடையாளத்தை வைத்திருப்பவரிடம் தளம் மறுபடி எதையும் கேட்பதில்லை. திருடப்படுவது அந்த டிக்கெட்தான். ஆகவே கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தாமல், கணக்கின் பாதுகாப்பு அமைப்புகளுக்குச் சென்று எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியையும் பயன்படுத்துங்கள். இவ்விரண்டையும் அந்தக் கணினியில் செய்யாமல், வேறொரு சாதனத்திலிருந்து செய்ய வேண்டும்.

இவ்வகை நிரல்களை எழுதுபவர்கள் மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள். வாங்கிப் பயன்படுத்த ஒருவர் பெரிய கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. லும்மா என்ற அத்தகைய நிரலின் கட்டமைப்பை 2025 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் பல நாட்டுக் காவல் அமைப்புகளும் சேர்ந்து முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் உலகெங்கும் 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்தது தெரியவந்தது. அது பரவிய வழிகளில் ஒன்றை அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். “நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்யுங்கள்” என்று ஒரு பக்கம் தோன்றும். உறுதிசெய்வதற்காக விண்டோஸ் விசையையும் ‘ஆர்’ விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் ஒட்டி, என்டர் அழுத்தச் சொல்லும். ஒட்டப்படுவது, அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமலே நகலெடுத்து வைத்திருக்கும், திருட்டு நிரலை இறக்கிக்கொள்ளும் கட்டளை. எந்த நேர்மையான இணையதளமும் இப்படிக் கேட்காது. உங்கள் வீட்டில் யாரேனும் அண்மையில் இதைச் செய்தார்களா, ஏதேனும் இலவச விளையாட்டையோ மென்பொருளையோ இறக்கினார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: 22,000 ரூபாய் கொடுத்து, ஒரு நிறுவனம் பயன்படுத்திக் கழித்த லேப்டாப்பை வாங்கினேன். கடையில் விண்டோஸையும் ஆபீஸையும் இலவசமாகப் போட்டுத் தந்து, “ஆன்டிவைரஸ் தடுத்தால் அதை அணைத்துவிடுங்கள்” என்று சொல்லி அனுப்பினார்கள். இதை நம்பிப் பயன்படுத்தலாமா? (வாசகர், மதுரை)

பதில்: நீங்கள் வாங்கியது நல்ல லேப்டாப்பாக இருக்கலாம். அதில் போட்டுத் தந்த மென்பொருளை நம்ப வேண்டாம். உரிமம் இல்லாத விண்டோஸையும் ஆபீஸையும் உரிமம் உள்ளவைபோல் காட்டுவதற்கு ‘ஆக்டிவேட்டர்’ என்ற சிறு நிரலை ஓட்டுகிறார்கள். அது வேலை செய்ய, கணினியில் எதையும் மாற்றக்கூடிய நிர்வாகி அதிகாரம் வேண்டும்; பாதுகாப்பு மென்பொருளும் அணைந்திருக்க வேண்டும். உளவு மென்பொருள் எழுதுபவருக்கு இதைவிட வசதியான வாசல் கிடைக்காது என்பதால், இணையத்தில் கிடைக்கும் ஆக்டிவேட்டர்களோடு திருட்டு நிரல்களைச் சேர்த்துவிடுவது வழக்கமாகிவிட்டது. கடைக்காரருக்கே இது தெரியாமலிருக்கலாம். அவர் எங்கிருந்தோ இறக்கிய பென் டிரைவையே எல்லாக் கணினிகளிலும் செருகிக்கொண்டிருப்பார்.

இப்போதே ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பகுதியின் அமைப்புகளில் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ என்ற பட்டியலுக்குச் செல்லுங்கள். எந்தக் கோப்புறைகளைச் சோதிக்க வேண்டாம் என்று பாதுகாப்பு மென்பொருளுக்குச் சொல்லிவைத்த பட்டியல் அது. நீங்கள் எதையும் சேர்க்காதபோது அங்கே ஏதேனும் இருந்தால், வேறு யாரோ சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பட்டியல் காலியாக இருப்பதாலேயே கணினி தூய்மையானது என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

சரியான தீர்வு விண்டோஸை முற்றிலும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதே. இதற்குப் பணம் செலவாகும் என்று பலர் தயங்குகிறார்கள், பெரும்பாலும் ஆகாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட பெரிய நிறுவனங்களின் லேப்டாப்களில் உரிம எண் தாய்ப்பலகையிலேயே பதிந்திருப்பது வழக்கம். மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து நிறுவல் கருவியை வேறொரு கணினியில் இறக்கி, 8 ஜி.பி. அளவுள்ள வெற்றுப் பென் டிரைவில் ஏற்றி நிறுவினால், லேப்டாப்போடு முதலில் வந்த அதே பதிப்பு தானாகவே உரிமம் பெற்றுவிடும். அதாவது, உங்களுக்கு ஏற்கெனவே சொந்தமான உரிமத்தின் மேல் கடைக்காரர் திருட்டுப் பிரதியைப் போட்டிருக்கவும் கூடும். ஆபீஸுக்கு இந்த வசதி இல்லை. பணம் செலவிட விரும்பாதவர்களுக்கு இலவசமான லிப்ரே ஆபீஸ் வீட்டுத் தேவைக்குப் போதும்.

புதிதாக நிறுவும்போது, முதல் திரைகளிலேயே ஏதேனும் ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அதன் ஊழியர் கணக்கில் நுழையச் சொன்னால், அந்தச் சாதனம் இன்னும் அந்த நிறுவனத்தின் நிர்வாகத்திலிருந்து விடுவிக்கப்படவில்லை என்று பொருள். அத்தகைய லேப்டாப்பை அவர்களால் தொலைவிலிருந்தே கண்காணிக்கவும் பூட்டவும் முடியும். பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் இங்கேதான் சிக்கல் வரும். கடைக்காரர் இணங்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். ஆனால் கையில் ஆவணம் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

பழைய லேப்டாப் வாங்க நினைக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறைக்கு முந்தையதாக இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11-ஐ அது முறைப்படி ஏற்காது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வங்கி வேலைக்கு வாங்காதீர்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பயன்படுத்தத் தயாராக இருப்பவர்கள் மட்டும் தாராளமாக வாங்கலாம்.

புதிய கணினி என்றால் கவலையே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. லெனோவோ நிறுவனம் 2014-இல் விற்கத் தொடங்கிய சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை முன்கூட்டியே போட்டிருந்தது. பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரங்களைச் செருகுவதற்காக, ஒரு தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்கு உறுதிசொல்லும் சான்றிதழாகத் தன் சொந்தச் சான்றிதழையே அது கணினியில் நிறுவியிருந்தது. எல்லா லேப்டாப்களிலும் அந்தச் சான்றிதழுக்கு ஒரே ரகசியச் சாவி இருந்ததால், அதை அறிந்த எவரும் வங்கித் தளம்போல் நடித்திருக்க முடியும். 2015 பிப்ரவரியில் இது அம்பலமானது. 2017-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்ட அந்நிறுவனம், 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. புதிய கணினியிலும் கூடவே வரும் மென்பொருள்களில் உங்களுக்குத் தேவையில்லாதவற்றை முதல் நாளிலேயே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப்போடு வந்த ஆன்டிவைரஸின் இலவசக் காலம் முடிந்துவிட்டது. “உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது” என்று நாள்தோறும் எச்சரிக்கை வருகிறது. கட்டாயம் புதுப்பிக்க வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: வேண்டியதில்லை. விண்டோஸ் 11-இலேயே டிஃபெண்டர் இருக்கிறது. காலாவதியான ஆன்டிவைரஸை நீக்கிவிட்டால் அது தானாகவே பொறுப்பேற்கும். டிஃபெண்டர் தொடக்கத்தில் உளவு மென்பொருளை மட்டுமே பிடிக்கும் கருவியாக இருந்தது. 2004-இல் மைக்ரோசாஃப்ட் வேறொரு நிறுவனத்திடமிருந்து வாங்கிய மென்பொருளே அதன் மூலம். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அது முழு ஆன்டிவைரஸாக வளர்ந்தது. அதில் ‘ஆப் அண்டு பிரவுசர் கண்ட்ரோல்’ பகுதியில், தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் வசதி அணைந்திருந்தால் இயக்குங்கள்; விளம்பரத்துக்காக வேவு பார்க்கும் மென்பொருள்கள் இதில்தான் பெரும்பாலும் சிக்கும். அன்றாட வேலைக்கு நிர்வாகி அதிகாரம் இல்லாத தனிப் பயனர் கணக்கை உருவாக்கிக்கொள்வதும், என் கருத்தில், ஒரு வருடச் சந்தாவைவிடப் பயன் தரும்.

பணம் கொடுத்து வாங்குவது தவறு என்று சொல்லவில்லை. பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து பார்த்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு அதில் பயன் உண்டு. ஆனால் பாதுகாப்பு என்ற பெயர் இருப்பதாலேயே ஒரு மென்பொருள் உங்கள் பக்கம் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. புகழ்பெற்ற ஆன்டிவைரஸ் நிறுவனமான அவாஸ்ட், தன் மென்பொருளும் உலாவி நீட்டிப்புகளும் (உலாவியோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) திரட்டிய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக 2014 முதல் 2020 வரை விற்றதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது, 2024-இல் 1.65 கோடி டாலர் கட்டும்படி ஆயிற்று. பின்தொடர்பவர்களிடமிருந்து காப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட மென்பொருள் அது.

வரும் எச்சரிக்கை அந்த ஆன்டிவைரஸிடமிருந்துதான் வருகிறதா என்பதையும் பாருங்கள். திரையின் வலது கீழ் மூலையில் உலாவியின் பெயரோடு வந்தால், அது எப்போதோ ஓர் இணையதளத்துக்கு நீங்கள் கொடுத்த ‘அலவ்’ அனுமதியின் விளைவு. உலாவி அமைப்புகளில் அறிவிப்புப் பட்டியலிலிருந்து அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அதிலுள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டாம். அழைத்தால், உதவுவதாகச் சொல்லித் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். அதன் பிறகு தனியாக உளவு மென்பொருள் எதுவும் தேவைப்படாது.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனின் லேப்டாப்பில் அவனுக்குத் தெரியாமல் போடுவதற்கு நல்ல கண்காணிப்பு மென்பொருளைப் பரிந்துரைக்க முடியுமா? (வாசகர், சேலம்)

பதில்: முடியாது. கல்லூரியில் படிக்கும் மகன் பெரும்பாலும் 18 வயதைக் கடந்தவர். உரியவரின் அனுமதியின்றி அவருடைய கணினியிலிருந்து தகவலை எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 ஆகிய பிரிவுகளின் கீழ் வரக்கூடியது. 66-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், இந்தப் பொருள் வாங்கத் தகுந்ததன்று. அது எடுக்கும் திரைப் பதிவுகளும் தட்டச்சுப் பதிவுகளும் உங்களிடம் வருவதற்கு முன் விற்பவரின் சர்வருக்குப் போகின்றன. பிசிடாட்டில்டேல் என்ற அமெரிக்கக் கண்காணிப்பு மென்பொருளின் தளத்தை 2024 மே மாதத்தில் ஒருவர் உடைத்துத் தரவுகளை வெளியிட்டார், அந்நிறுவனமே மூடப்பட்டது. அதற்குச் சற்று முன்புதான், ஹோட்டல் வரவேற்பறைக் கணினிகளில் யாரோ அதைப் போட்டிருந்ததால் விருந்தினர் விவரங்களே கசிந்தது தெரியவந்திருந்தது. மகனின் வங்கிக் கடவுச்சொல்லை அப்படியொரு இடத்தில் கொண்டுபோய் வைக்க நீங்கள் விரும்பமாட்டீர்கள். சிறு குழந்தைகளுக்கென்றால், அவர்களிடம் சொல்லிவிட்டே வைக்கக்கூடிய ‘ஃபேமிலி சேஃப்டி’ வசதியை மைக்ரோசாஃப்ட் கட்டணமின்றித் தருகிறது.

கேள்வி: உலாவி நீட்டிப்புகள் அதிகாரபூர்வக் கடையிலிருந்து வருபவைதானே, அவற்றுக்கு அஞ்ச வேண்டுமா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: சற்று அஞ்சலாம். நல்ல நீட்டிப்பு கைமாறிக் கெட்டுப்போவதுதான் இங்குள்ள ஆபத்து. தி கிரேட் சஸ்பெண்டர் என்ற பிரபல குரோம் நீட்டிப்பு 2020-இல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. நிறுவியவர்கள் புதிதாக எதையும் செய்யவில்லை; புதுப்பிப்பு தானாகவே வந்து சேர்ந்திருந்தது. “எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்” அனுமதி கேட்கும் கூப்பன், பி.டி.எஃப். நீட்டிப்புகளைப் பயன்படுத்தாத நிலையில் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: உளவு மென்பொருள் புகுந்துவிட்டது என்று உறுதியானால், எதை முதலில் செய்ய வேண்டும்? சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோகலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பிறகு தூய்மையான வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் கடவுச்சொல்லையும் அதன் வழியாக மீட்டுவிட முடியும் என்பதால் அதற்கே முன்னுரிமை. அடுத்து வங்கி, அதன் பின் மற்றவை. பாதிக்கப்பட்ட கணினியிலேயே அமர்ந்து எல்லாவற்றையும் மாற்றினால் புதிய கடவுச்சொற்களையும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்; தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்து, வங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளரின் மீதும் தவறில்லாத நிலையில், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்புப் பொறுப்பு இல்லை. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்து வைத்திருங்கள்.

கணினியைப் பொறுத்தவரை, டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ விண்டோஸ் முழுமையாகத் தொடங்கும் முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பவற்றைப் பிடிக்க அது ஏற்றது. மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா மையமும் நீக்கும் கருவிகளை இலவசமாகத் தருகிறது. எனினும், வங்கி வேலை நடக்கும் கணினி என்றால் மதுரை வாசகருக்குச் சொன்ன முறையில் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதையே நான் விரும்புவேன்.

சர்வீஸ் கடைக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம். கொடுக்கும் முன் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களை நீக்கிவிட்டு, புகைப்படங்களையும் ஆவணங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழைய நிறுவல் கோப்புகள் எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். ஆக்டிவேட்டர் எதையும் பயன்படுத்தக் கூடாது, கடையின் ஆன்டிவைரஸ் எதையும் கேட்காமல் போடக் கூடாது என்ற இரண்டையும் வேலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.