கட்டணமும் கெட்டிக்காரப் பிள்ளைகளும்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு ஏக்கர் நிலம். மகள் இங்கே ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஐந்தாவது படிக்கிறாள். கணக்கில் சூட்டிகை. போன சம்பா அறுப்பில் கொள்முதல் நிலையத்தில் முதல் லோடு எடை போட்டபோது, 57 சிப்பம், சிப்பத்துக்கு 40 கிலோ என்று நான் விரல் விட்டுக்கொண்டிருந்தேன். “22 குவிண்டால் 80 கிலோப்பா” என்று சொல்லிவிட்டாள். இவளை ஆறாம் வகுப்புக்குத் தஞ்சாவூரில் ஒரு பெரிய சிபிஎஸ்இ பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார் என் மைத்துனர். வருஷ ஃபீஸ் 1,20,000. வேனுக்குத் தனி. “அவ்வளவு ஃபீஸ் வாங்குற இடத்துக்குக் கெட்டிக்காரப் பிள்ளைங்கதான் வரும். அதுங்களோட சேர்ந்தா இவளும் மேல வருவா” என்கிறார். மனைவி நகையை சொசைட்டியில் வைக்கலாமா என்று யோசிக்கிறோம். நிஜமாகவே அப்படியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிப்பக் கணக்கை இரண்டு தடவை படித்தேன். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. அந்தப் பிள்ளை ஒன்றியப் பள்ளியிலிருந்து வந்தவள்.

மைத்துனர் பொய் சொல்லவில்லை. அந்தப் பள்ளி வாசலில் மாலை நான்கு மணிக்கு நின்று பாருங்கள். பிள்ளைகள் இங்கிலீஷில் சரளமாகப் பேசிக்கொண்டு வரும். டாக்டர் வீட்டுப் பிள்ளை, பேங்க் மேனேஜர் வீட்டுப் பிள்ளை. வீட்டில் சந்தேகம் கேட்க ஆள் உண்டு, சாயங்காலம் டியூஷன் உண்டு. அது வீடு செய்த வேலை. மூன்றரை வயதில் எல்கேஜியில் சேர்த்தபோது அந்தப் பிள்ளையின் புத்தியை யார் அளந்து பார்த்தார்கள்? அப்பாவின் சம்பளத்தைத்தான் பார்த்தார்கள். பிள்ளையைச் சோதிப்பதும் பெற்றோரை நேர்காணல் செய்வதும் நன்கொடை வாங்குவதும் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ‘சும்மா பேசிப் பார்க்க’ இருவரையும் கூப்பிடுவது நின்றபாடில்லை.

அப்படியானால் இந்த மாதிரிப் பள்ளிகள் காட்டும் மார்க்கெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருப்பவரின் மகள் பத்தாம் வகுப்பு வரை உதவிபெறும் பள்ளியில் படித்தாள். 500க்கு 487. ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் கடை வாசலில் ஒரு கார் நின்றது. காற்றடிக்க வந்ததாக்கும் என்று அவர் ஹோஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். இறங்கியவர் ஒரு தனியார் பள்ளியின் கரஸ்பாண்டென்ட், கையில் ஆப்பிள் தட்டு. ஃபீஸ் வேண்டாம், புத்தகம் வேண்டாம், ஹாஸ்டல் வேண்டுமானாலும் இலவசம், பிள்ளையை மட்டும் அனுப்புங்கள் என்றார். இரண்டு வருஷம் கழித்து மே மாதத்தில் பஸ் ஸ்டாண்டு எதிரே ஃப்ளெக்ஸில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், ‘எங்கள் மாணவி’ என்று. பத்து வருஷம் சொல்லிக்கொடுத்த பள்ளியின் பெயர் அதில் இல்லை. (ரேங்க் வெளியிடுவதை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் அச்சடிப்பவருக்கு அது எந்த நஷ்டத்தையும் தரவில்லை.)

நாமக்கல், ராசிபுரம் பள்ளிகளுக்கு நம் பக்கத்துப் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாக ஏற்றிய காலத்திலும் இதுதான் நடந்தது. மார்க் எடுத்தவருக்குச் சலுகை, அந்த மார்க்கைப் பார்த்து மயங்கி வந்தவருக்கு முழு ஃபீஸ். முழு ஃபீஸ் கட்டுகிற வீட்டின் பணத்தில்தான் கட்டாத பிள்ளை படிக்கிறது. அதில் தவறு சொல்ல மாட்டேன், அந்தப் பெண்ணுக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் அவள் உட்கார்ந்தது ஏ செக்‌ஷன். ஃபீஸ் கட்டியவர்களில் பலர் டி செக்‌ஷன். ‘கெட்டிக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்தால்’ என்கிறாரே மைத்துனர், மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் சேரலாம்.

சரி, நிஜமாகவே நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளுமா? அமெரிக்காவில் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கும் பள்ளிகள் இருக்கின்றன. அரசுப் பள்ளிகள், கட்டணம் கிடையாது. கட் ஆஃபை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும், மயிரிழையில் தவறவிட்டவர்களையும் பொருளாதார ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பின்னால் எழுதிய தேர்வுகளில் பெரிய வித்தியாசம் இல்லை. 2014இல் வெளியான ஆய்வு அது. தஞ்சாவூருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் 1,20,000 கட்டுவதற்கு முன் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

கும்பகோணத்துக்காரனான நான் கணித மேதை ராமானுஜன் பெயரை எடுக்காமல் முடித்தால் ஊரில் சேர்க்க மாட்டார்கள். அவர் இங்கே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைத் திரும்பிப் பார்க்கவில்லை, உதவித்தொகை போய்விட்டது. சலுகையில் சேரும் பிள்ளைக்கு இன்றைக்கும் அந்தக் கத்தி தலைக்கு மேலேதான்.

இதெல்லாம் இருக்கட்டும். உங்களிடம் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்புதான் வாசல். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. பொறியியல், வேளாண்மைக்கும் அடுத்த வருஷமே வந்துவிட்டது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான். எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் நான்கு வருஷம், வருஷத்துக்கு 12,000 ரூபாய். தனியார் பள்ளிப் பிள்ளை அதை எழுத முடியாது. உங்கள் மகளைப் போன்ற பிள்ளைக்காகவே வைத்த கதவுகள் இவை. ஆறாவதில் தஞ்சாவூர் வேனில் ஏற்றினால் எல்லாம் மூடிக்கொள்ளும், அதற்கு நீங்களே காசும் கட்ட வேண்டும்.

பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் யார், வகுப்புக்கு ஒழுங்காக வருகிறாரா என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். அங்கே ஆளே இல்லை என்றால் மறுபடி எழுதுங்கள், வேறு யோசிப்போம். ஆள் இருந்தால், இங்கிலீஷுக்கு மட்டும் மாலையில் ஒரு டியூஷன் போதும்.

நகை பீரோவிலேயே இருக்கட்டும். பள்ளி முதல் தவணை கேட்பது ஜூனில். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பதும் ஜூன் 12. குறுவைக்கு உழவு ஓட்ட எப்படியும் அதை எடுக்க வேண்டிவரும்.