கோடு எழுதினால் போதாதா?

கேள்வி: சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் முதலாண்டு படிக்கிறேன். கோடு எழுதினால் போதாதா, எதற்கு இத்தனை டாக்குமென்ட்?
- ஒரு மாணவி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நானும் பக்கத்து மீனாட்சிபுரத்துக்காரன்தான். இதே எரிச்சல் எனக்கும் இருந்தது. மூன்றாம் ஆண்டில் நாலு பேர் சேர்ந்து ஒரு பால் சொசைட்டிக்குக் கணக்கு மென்பொருள் செய்தோம். லிட்டருக்கு ஒரே விலை என்று எழுதி முடித்துப் பெருமையாகக் கொண்டுபோனோம். செயலாளர் சிரித்தார்: “கொழுப்பு பார்த்தல்லவா தம்பி விலை போடுவோம்?” வீட்டில் மாடு வளர்த்தவன் நான், எனக்கே கேட்கத் தோன்றவில்லை! இரண்டு வாரம் வீண். என்ன தேவை என்று முதலிலேயே கேட்டு எழுதி வைத்திருந்தால் தப்பியிருப்போம்; டாக்குமென்ட் அதற்குத்தான்.

1968இல் ஜெர்மனியின் கார்மிஷில் நேட்டோ கூட்டிய மாநாட்டிலும் இதே புலம்பல்தான்: மென்பொருள் வேலைகளில் தாமதம், எகிறும் செலவு. இந்தப் படிப்பின் பெயர் பரவியதே அங்கிருந்துதான்.

அப்புறம், கோடில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) என்ற கருவியை இப்போதே பழகிவிடுங்கள். பென் டிரைவில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்று வைத்துத் தொலைத்தவன் சொல்கிறேன்.