மான்ஷிங் தங்கம்

கேள்வி: ஜெர்மனியில் மான்ஷிங் என்ற சின்ன ஊரின் கெல்டிக்–ரோமானிய அருங்காட்சியகத்தில் பழைய தங்க நாணயங்கள் களவு போயினவாமே? இத்தனை மதிப்புள்ள பொருளைப் பெருநகரத்தில் பத்திரமாக வைத்திருக்கக் கூடாதா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: பெருநகரம் என்றால் பத்திரமா? 2017-ல் பெர்லின் போடே அருங்காட்சியகத்தில் 100 கிலோ தங்க நாணயத்தையே தூக்கிக்கொண்டு போனார்கள். 2019-ல் டிரெஸ்டனில் அரச நகைகள் போயின.

மான்ஷிங்கில் நடந்தது 2022 நவம்பர் 22 விடிவதற்கு முன். முதலில் பக்கத்திலிருந்த தொலைபேசி நிலையத்தில் கேபிள்களை அறுத்தார்கள். ஊருக்கே போனும் இணையமும் போயிற்று, அருங்காட்சியகத்தின் அபாய அறிவிப்பு காவல்துறையை எட்டவில்லை. ஒன்பதே நிமிடத்தில் 483 நாணயங்களும் ஒரு தங்கக் கட்டியும் போய்விட்டன. மறு ஆண்டு சந்தேக நபர்கள் பிடிபட்டபோது ஒருவரிடம் 18 தங்க உருண்டைகள் கிடைத்தன. ஒவ்வொன்றும் நாலு நாணயங்களை உருக்கியது என்று கணிக்கிறார்கள். 2025-ல் இங்கோல்ஸ்டாட் நீதிமன்றம் தண்டனையும் கொடுத்துவிட்டது. ஆனால் உருக்கிய நாணயத்தை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்? அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அந்த நாணயங்கள், ரோமானியருக்கு முன்பே அங்கே வாழ்ந்த கெல்ட் மக்களுடையவை; கி.மு. 100-ஐ ஒட்டிய காலத்தவை. சின்னக் கிண்ணம்போல் குழிந்தவை. மழைக்குப் பின் வயலில் இப்படிப்பட்ட காசு தட்டுப்பட்டால், வானவில் விட்டுப்போனது என்று அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் நம்பினார்கள். இந்தப் புதையல் 1999-ல் அந்த ஊர் மண்ணிலேயே, பழைய கெல்டிக் நகரத்துக்குள் கிடைத்தது. அந்த நகரம் லேசுப்பட்டதல்ல: சுமார் 380 ஹெக்டேர், ஏழு கிலோமீட்டர் மதில். 1930-களில் விமானத்தளம் கட்டியபோதே அதில் பெரும்பகுதி பாழாயிற்று. மிஞ்சியதையும் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால், அந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் காலடியில் என்ன இருந்தது என்று எங்கே போய்ப் பார்ப்பார்கள்? காவலைப் பலப்படுத்துங்கள், பொருளை ஊரிலேயே வையுங்கள். இதுதான் என் கட்சி.

கேள்வி: சரி, இனி அங்கே போனால் பார்க்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அவசியம் போங்கள். பக்கத்து ஓபர்ஷ்டிம்மில் 1986-ல் கண்டுபிடித்து, 1994-ல் தோண்டியெடுத்த இரண்டு ரோமானியப் படகுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 மீட்டர். டான்யூப் ஆற்று எல்லையைக் காத்த வீரர்கள் துடுப்புப் போட்டுச் சென்றவை. 1,900 ஆண்டுகளாகியும் பலகைகளின் இணைப்புகளைப் பார்க்கலாம். அப்புறம், 1984-ல் கிடைத்த, தங்கமுலாம் பூசிய கெல்டிக் வழிபாட்டு மரத்தின் சின்ன உருவத்தையும் விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால் நாணயங்களைவிட அதுதான் அழகு.