ஓட்டக்காரருக்கு வடசென்னையில் வீடு: கேள்வி பதில்

ராயபுரம் முதல் மாதவரம் வரை வீடு தேடிக்கொண்டிருக்கும் ஓட்டக்காரர்களிடமிருந்து கேள்விகள் நிறைய வந்துவிட்டதால், எல்லாவற்றுக்கும் இங்கேயே விடை எழுதுகிறேன். வாடகை, வாஸ்து, அறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. விடியற்காலையில் ஓடப் புறப்படும் ஒருவருக்கு அந்த வீடு துணை நிற்குமா என்பதை மட்டுமே பார்க்கிறேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை): ஐயா, வீடு பார்க்கும்போது ஓட்டக்காரர் முதலில் கவனிக்க வேண்டியது எது?

பதில்: வாசலிலிருந்து முதல் 500 மீட்டர். பெரும்பாலோர் பக்கத்தில் பூங்கா இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அந்தப் பூங்காவுக்கு எந்த வழியாகப் போவது என்று கேட்பதில்லை. வார நாளில் வேலைக்குப் போகும் முன் 6 அல்லது 8 கிலோமீட்டர் ஓட நினைப்பவர், வண்டியை எடுத்துக்கொண்டு ஓடுமிடம் தேடிப் போக நேர்ந்தால், மூன்றாவது வாரத்தில் ஓட்டம் நின்றுவிடும். வீட்டு வாசலிலேயே ஓட்டம் தொடங்க வேண்டும். ஆகவே அந்த 500 மீட்டரில் தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கும் முனை எது, கழிவுநீர் வழிந்து நிற்கும் இடம் உண்டா, பெரிய சாலையை எத்தனை முறை கடக்க வேண்டும் என்பவற்றைப் பாருங்கள். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பகுதியில் இன்னொன்றும் உண்டு: துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிய வீட்டில் அவை இரவெல்லாம் நின்று நகரும் ஓசை கேட்கும். நாலரை மணிக்கு எழ வேண்டியவர் ஒன்பதரைக்கு உறங்கியாக வேண்டும் என்பதால், படுக்கையறை சாலையைப் பார்த்திருக்கக் கூடாது.

அடுக்ககமாக இருந்தால் வெளிவாசல் கதவுப் பூட்டின் சாவி உங்களிடம் தரப்படுமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். காவலாளி ஐந்தரை மணிக்குத்தான் திறப்பார் என்றால் அந்த வீடு உங்களுக்கு உதவாது.

இவற்றில் எதுவும் பகலில் தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு அந்த வாசலில் நின்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி (திருவொற்றியூர்): கடலோரமாக ஒரு வீடு கிடைத்துள்ளது. மணலில் ஓடலாம், சுத்தமான கடற்காற்றும் கிடைக்கும் என்று எண்ணுகிறேன். சரிதானா?

பதில்: இரண்டு எண்ணத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலில் மணல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்து வந்த மணல் அங்கேயே தடுக்கப்பட்டது. அதனால்தான் மெரினா அகன்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளைத்தான் இன்று நெடுகிலும் பார்க்கிறீர்கள். இடையிடையே சிறு மணல்திட்டுகள் உள்ளன. அவை மீனவர்கள் படகு நிறுத்தி வலை உலர்த்தும் இடங்கள். நீண்ட ஓட்டத்துக்கான கரை அங்கே இல்லை.

அடுத்து காற்று. கடற்காற்று என்பது பெரும்பாலும் நண்பகலை ஒட்டித்தான் கரையேறுகிறது. ஆண்டின் பெரும்பகுதியில் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும். பல நாட்களில் அசையாமலும் நிற்கும். திருவொற்றியூருக்கு மேற்கே இருப்பது மணலித் தொழிற்பகுதி. ஆகவே நீங்கள் ஓடும் நேரத்தில் வருவது பெரும்பாலும் மணலிக் காற்று. இரவில் குளிர்ந்த தரையை ஒட்டிப் புகை தேங்கி நிற்பதும் அந்த நேரத்தில்தான். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கும் உடல், ஓடும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கிறது. அதுவும் வாய் வழியாக.

கேள்வி (எர்ணாவூர்): நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். எங்கள் மக்கள் விடியலுக்கு முன்பே கடலுக்குப் போகிறார்கள். எங்கள் பிள்ளைகள் இந்தத் தெருக்களில் ஓடித்தான் பள்ளிப் போட்டிகளில் பரிசு வாங்குகிறார்கள். இப்படி எழுதினால் இந்தப் பக்கம் யாரும் குடிவர மாட்டார்கள், ஐயா.

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. எர்ணாவூரில் ஓடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு வெளியேறியதை நாம் எல்லோரும் அறிவோம். அதே மாதத்தில் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்ததையும் அறிவோம். அங்கே பிறந்தவர்களுக்குச் சுத்தமான காற்றைக் கேட்கும் உரிமை உண்டு. புதிதாக வருபவருக்கு உண்மையைத் தெரிந்துகொண்டு வரும் உரிமை உண்டு. மறைப்பதால் இருவருக்கும் நன்மை இல்லை.

கேள்வி (மணலி): அப்படியென்றால் மாலையில் ஓடினால் போதுமே? கடற்காற்று அப்போது நம் பக்கம்தானே வீசுகிறது?

பதில்: காற்றைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, எர்ணாவூர், திருவொற்றியூரில் இருப்பவர்களுக்கு அது மிகவும் பொருந்தும். ஆனால் மணலியில் இருக்கும் உங்களுக்குக் கடற்காற்று கிழக்கிலிருந்து வருவதால், ஆலைகளுக்கு எந்தப் பக்கம் உங்கள் வீடு இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ஆலைகளுக்குக் கிழக்கே வீடு என்றால் மாலை ஓட்டம். மேற்கே என்றால் காலை ஓட்டம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம் நிலையங்களின் அளவுகள் கிடைக்கின்றன. நீங்கள் ஓட நினைக்கும் மணிநேரத்தின் அளவை இரண்டு வாரம் குறித்து வையுங்கள். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு நம் நாட்டின் ஒருநாள் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 15. கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கை ஒட்டி வீடு பார்ப்பவர்களும் இதையே செய்ய வேண்டும். கிடங்கு தீப்பிடிக்கும் நாட்களில் எந்தத் தெருவரை புகை வருகிறது என்பதை அங்கே குடியிருப்பவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி (எர்ணாவூர், மீண்டும்): மாலையில் இங்கே லாரிகள் அடைத்து நிற்கின்றன. டீசல் புகையில் எப்படி ஓடுவது?

பதில்: அதனால்தான் வீட்டின் இடம் முக்கியம். விரைவுச் சாலையிலிருந்து இரண்டு மூன்று தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். உள்தெருக்களிலேயே சுற்றி முடிக்கக்கூடிய 1 கிலோமீட்டர் வளையம் ஒன்று கிடைத்தால் அந்த வீட்டை எடுங்கள்.

கேள்வி (பெரம்பூர்): மேம்பாலத்தை ஒட்டிய முரசொலி மாறன் பூங்காவுக்கு எதிரே வீடு. வாடகை கூடுதல். தகுமா?

பதில்: நடைப்பயிற்சிக்குத் தகும். ஓட்டத்துக்குச் சுற்று சிறியது, காலையில் நடப்பவர்கள் நிறைந்திருப்பார்கள். அதே பணத்துக்கு அயனாவரம் பக்கம் ரயில்வே குடியிருப்புகளை ஒட்டிய மரநிழல் தெருக்களில் பாருங்கள்.

கேள்வி (கொளத்தூர்): மழைநீர் நிற்கும் தெரு என்று சொல்கிறார்கள். ஆண்டுக்கு நான்கு நாள்தானே?

பதில்: தண்ணீர் நான்கு நாள் நிற்கலாம். சேறும், பெயர்ந்த சாலையும், மூடியற்ற வடிகாலும் பொங்கல் வரை நிற்கும். சென்னை மாரத்தான் நடப்பது ஜனவரியில். அதற்கான பயிற்சி மாதங்கள் சரியாக வடகிழக்குப் பருவமழையில் விழுகின்றன. தேங்கிய நீரில் கால் புண்ணோடு ஓடினால் எலிக்காய்ச்சல் வரக்கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று எதிர் வீட்டாரிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள். மணலி புதுநகருக்கு இதை இரு மடங்கு அழுத்திச் சொல்கிறேன், கொசஸ்தலையாற்றில் பூண்டி ஏரியின் உபரிநீர் வரும்போது அங்கே நிலைமை வேறு.

கேள்வி (வியாசர்பாடி): தரைத்தளமா, லிப்ட் இல்லாத மூன்றாம் மாடியா?

பதில்: மேலே சொன்னதுதான், வியாசர்பாடியில் வெள்ளம் ஏறாத தெரு என்று உறுதியானால் தரைத்தளம், இல்லையென்றால் முதல் மாடி. 25 கிலோமீட்டர் ஓடிவிட்டு மூன்று மாடி இறங்கி ஏறும்போது தொடைத் தசை படும் பாடு பெரிது. டிரெட்மில் வாங்கும் எண்ணம் இருந்தால் தரைத்தளம் மட்டுமே. கீழ்வீட்டாரின் உறக்கம் உங்கள் பொறுப்பு. நனைந்த ஷூ உலர வெயில் படும் பால்கனியோ மொட்டை மாடி உரிமையோ கட்டாயம் வேண்டும்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை): அண்ணா, நான் தனியாக ஓடும் பெண். எப்படிப்பட்ட தெருவைத் தேட வேண்டும்?

பதில்: வெறிச்சோடிய அழகான தெருவைத் தவிருங்கள், அம்மா. பால் பூத், பூக்கடை, டீக்கடை, நடை திறக்கும் கோயில் ஆகியவை இருக்கும் தெருவில் ஐந்து மணிக்கே மனித நடமாட்டம் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு மூன்று தெருக்களை இணைத்து வளையம் அமைக்க முடிகிற வீடு நல்ல வீடு. முட்டுச்சந்தின் கடைசி வீடு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் வேண்டாம். முதலில் உடன் ஒருவரை அழைத்துக்கொண்டு அந்த நேரத்தில் நடந்து பாருங்கள். பால்காரருக்கும் பூக்காரம்மாவுக்கும் உங்கள் முகம் பழகிவிட்டால் பெரிய பாதுகாப்பு.

கேள்வி (புழல்): ஏரிக்கரை மேல் ஓடலாமா?

பதில்: நகரின் குடிநீர் ஏரி அது. கரையை ஓடுதளமாக எண்ணி வீடு எடுக்காதீர்கள்.

கேள்வி (மாதவரம்): நேற்று மதியம் ஒரு வீடு பார்த்தேன், தெரு அகலமாக, அமைதியாக இருந்தது. இன்று இரவு முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இதே கேள்வியை வெவ்வேறு தெருப் பெயரோடு பலர் கேட்டுவிட்டீர்கள். மதிய அமைதி எதையும் காட்டாது. மாதவரத்தில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் போக்குவரத்து எந்தத் தெருவுக்குத் திருப்பப்பட்டிருக்கிறது என்பதும் காலையில்தான் தெரியும். நாளை ஐந்து மணிக்குப் போய் நின்றுவிட்டுப் பிறகு கொடுங்கள்.

கேள்வி (ராயபுரம்): வாடகை ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

பதில்: இது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது. வெளிவாசல் கதவின் சாவியை மட்டும் எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (காலடிப்பேட்டை): ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்கு என்ன செய்வது? உள்தெருக்களில் 20 கிலோமீட்டர் சுற்ற மனம் வரவில்லை.

பதில்: காலடிப்பேட்டை, சுங்கச்சாவடி, தேரடி பக்கம் வீடு எடுப்பவர்களுக்குக் கிடைத்த பெரிய வசதி, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ. காலை முதல் ரயிலில் ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்குங்கள். கோட்டை வழியாக மெதுவாக ஓடினால் நேப்பியர் பாலத்துக்குள் உடல் சூடேறிவிடும். அங்கிருந்து மெரினா ஓரமாகக் கலங்கரை விளக்கம் வரை சுமார் 3 கிலோமீட்டர். மூன்று முறை போய்வந்தால் உங்கள் கணக்கு முடிந்துவிடும். ஞாயிறு காலையில் காசிமேடு வழியாக ஓடியே போகலாம் என்று எண்ண வேண்டாம். மீன் வாங்க வரும் கூட்டத்தில் நடக்கக்கூட இடம் இருக்காது. நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் வீடு அமைந்தால், திரும்பி வரும்போது உங்கள் கால்களும் பிழைக்கும்.