காரணம் மறந்த பிறகும் பயம் ஏன் மிஞ்சுகிறது?

உங்கள் கேள்வி: அல்சைமர் உள்ள அப்பா, வீட்டில் யாரோ சத்தம் போட்டதைச் சற்று நேரத்தில் மறந்துவிடுகிறார். ஆனால் அதற்குப் பிறகும் வெகுநேரம் பதற்றமாகவே இருக்கிறார். நடிக்கிறாரோ என்றுகூட உறவினர்கள் கேட்கிறார்கள்.

நிச்சயம் நடிப்பு இல்லை. எங்கே, எப்போது, என்ன நடந்தது என்பதைக் கோத்து வைப்பது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. அல்சைமர் முதலில் கைவைக்கும் பகுதிகளில் அது ஒன்று. ‘இது ஆபத்து’ என்று உடம்பை உசுப்பிவிடுவதில் முக்கியப் பங்கு, அதை ஒட்டியே இருக்கும் அமிக்டலா என்ற பகுதிக்கு.

இரண்டும் தனித்தனியே கற்றுக்கொள்கின்றன என்பதை 1995இல் வெளியான ஓர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. சில நிறங்களைத் திரையில் காட்டினார்கள். நீலத்துக்குப் பிறகு மட்டும் கப்பலின் ஊதல் போல ஒரு பெருஞ்சத்தம். அமிக்டலா சிதைந்த எஸ்.எம். என்ற பெண், எந்த நிறத்துக்குப் பின் சத்தம் வந்தது என்று சரியாகச் சொன்னார். ஆனால் நீலத்தைப் பார்த்தபோது அவர் உடம்பில் எந்தப் பதற்றமும் பதிவாகவில்லை. ஹிப்போகாம்பஸ் சிதைந்த இன்னொருவருக்கு நேரெதிர். நிறத்தைச் சொல்லத் தெரியவில்லை, நீலம் வந்ததும் உடம்பு மட்டும் பதறியது.

உங்கள் அப்பா இந்த இரண்டாமவருக்கு அருகில் இருக்கிறார். (அல்சைமரில் அமிக்டலாவும் சுருங்கும், அதனால் அவ்வளவு சுத்தமாகப் பிரித்துவிட முடியாது.) 2014இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்தது மறந்த பிறகும் சோகம் தங்கியது. குறைவாக நினைவிருந்தவர்களிடம் அது அதிக நேரம் நீடித்தது என்பதுதான் என்னை உலுக்கிய முடிவு. ‘அது முடிந்துபோன விஷயம்’ என்று நமக்கு நாமே சொல்லித் தேற்றிக்கொள்ள, அந்த விஷயம் நினைவில் இருக்க வேண்டுமே!

பாட்டியைப் பார்த்துக்கொண்ட காலத்தில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது இந்தப் புரிதல்தான். "ஒன்றும் நடக்கவில்லையே, ஏன் பயப்படுகிறாய்?" என்று வாதாடினால் பயம் கூடும். எதிரில் வந்து, முகம் தெரியும்படி உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசுங்கள். முடிந்தால் வேறு அறைக்கு அழைத்துப் போங்கள். இதமாகக் கழிந்த அரை மணி நேரமும் வீணாகாது. அதே ஆய்வில் மகிழ்ச்சியும் மறதியைத் தாண்டித் தங்கியது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பயமோ குழப்பமோ ஓரிரு நாளில் திடீரென அதிகமானால், அல்சைமர் முற்றிவிட்டது என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். சிறுநீர்த் தொற்று, உடல் நீர் வற்றுதல், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை, அவரால் சொல்லத் தெரியாத வலி என எதுவும் காரணமாக இருக்கலாம். இவை பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.