இயக்குநர் படிப்புக்குக் கடன் வேண்டாம், கமரா பழகட்டும்

பாரிசில் வாழும் ஒரு குடும்பத்துக்கு எழுதும் பதில் இது. பள்ளி இறுதி வகுப்பில் அறிவியல் படிக்கும் மகளுக்குப் படப்பிடிப்புத் துறையில்தான் நாட்டம். பெரியப்பா மருத்துவத்தை விட்டால் வேறு பேச்சில்லை என்கிறார். பெற்றோரோ, கடன்பட்டாவது தனியார் கல்லூரி ஒன்றில் இயக்குநர் படிப்பில் சேர்த்துவிட எண்ணுகிறார்கள்.

உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் இரண்டு வழியுமே தவறு. விருப்பமில்லாத பிள்ளை மருத்துவத்தின் முதலாம் ஆண்டையே தாண்டுவது கடினம். கடனில் வாங்கும் இயக்குநர் பட்டத்தைப் பார்த்து எந்தத் தயாரிப்பாளரும் படம் கொடுப்பதில்லை.

1930களின் பிரெஞ்சுத் திரைப்படப் போக்கான கவித்துவ யதார்த்தவாதத்தின் பெரும் இயக்குநரான மார்செல் கர்னே எப்படி வந்தார் என்று பாருங்கள். 1906இல் இதே பாரிசில், தளபாடம் செய்யும் தச்சரின் மகனாகப் பிறந்தார். தந்தை தம் தொழிலையே பழக்க விரும்பினார். காப்புறுதி நிறுவனத்திலும் சில காலம் வேலை பார்த்த அவர், புகைப்படக் கலையை மாலை வகுப்பில் கற்று, 1928இல் இயக்குநர் ஜாக் பெய்தெரின் படத்தில் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் பெரினாலுக்கு உதவியாளரானார். மார்ன் ஆற்றங்கரையில் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கும் பாரிஸ் மக்களை 1929இல் குறும்படமாக எடுத்தார்; பிறகு இயக்குநர் ரெனே கிளேரிடமும் மீண்டும் பெய்தெரிடமும் உதவி இயக்குநராக இருந்தார். சொந்தமாக முழுநீளப் படம் இயக்கியது 1936இல்தான். 1938இல் ‘ஓத்தேல் து நோர்’ படத்துக்காக கலை இயக்குநர் அலெக்சாந்தர் திரௌனர் பாரிசின் சென்-மார்த்தன் கால்வாயையே செட்டாகக் கட்டினார். அந்தச் செட்டில் எந்த விளக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்த இயக்குநரை உருவாக்கியது அந்த உதவியாளர் ஆண்டுகள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அதற்கு இன்று நிகரான வழி, நம்மவர்கள் ஏறெடுத்தும் பாராத ‘பேத்தேஎஸ்’ (BTS) எனும் தொழில்நுட்பப் பட்டயத்தின் ஒலி-ஒளித்துறைப் படிப்பு. இரண்டு ஆண்டுகள், அரசு லிசேயில் (உயர்நிலைப் பள்ளியில்) படித்தால் கல்விக் கட்டணம் இல்லை. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, தயாரிப்பு நிர்வாகம், கருவி நுட்பம் என ஐந்து பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒளிப்பதிவுப் பிரிவில் இயற்பியலும் உண்டு என்பதால் மகளின் அறிவியல் படிப்பு வீண்போகாது. வெளியே சென்று பணிப்பயிற்சி பெறுவது கட்டாயம். முடித்தவர்கள் திரைத்துறைக்கான லூயி-லூமியேர் அரசு உயர்கல்லூரியின் நுழைவுத் தேர்வையும் எழுதலாம்.

வேலை நிரந்தரமாக இராது; அதை மறைக்க மாட்டேன். ஆனால் பன்னிரண்டு மாதங்களில் 507 மணி நேரம் இத்துறையில் வேலை செய்தவருக்கு வேலையில்லாத இடைவெளிக் காலத்தில் உதவித்தொகை பெறும் உரிமையைப் பிரான்சின் சட்டம் தருகிறது. கடனோடு தொடங்குபவரால் அந்தத் தொகையில் தாக்குப்பிடிக்க முடியாது, கடனில்லாதவரால் முடியும்.

இடங்கள் குறைவு, போட்டி கடுமை. உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளமான பார்கூர்சூப் ஜனவரியில் விண்ணப்பங்களுக்குத் திறக்கும்போது ஒரே லிசேயை நம்பாமல் வெளியூர் லிசேக்களையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். எந்தப் பிரிவு என்பதை மகளே முடிவு செய்யட்டும். அதில் பெரியப்பாவும் நீங்களும் தலையிட வேண்டாம்.