தாய்லாந்து ஓய்வுக்கால விசா: வாசகர் கேள்விகள்

இந்த முறை தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க நினைப்பவர்களும், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களும் எழுதியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: வயது 57. தாய்லாந்தில் தங்கும் அனுமதியை ஒரு வருடம் நீட்டித்துத் தரும் ஓய்வுக்கால நீட்டிப்புக்கு வங்கியில் 8 லட்சம் பாட் காட்ட வேண்டும் என்கிறார்கள். என்னிடம் அவ்வளவு இல்லை. "கட்டணத்தை மட்டும் கொடுங்கள், பணத்தை நாங்களே உங்கள் கணக்கில் காட்டிவிடுகிறோம்" என்கிறார் ஒரு ஏஜென்ட். தெரிந்தவர்கள் பலர் இப்படித்தான் இருக்கிறார்களாம். நம்பிப் போகலாமா?

பதில்: போகாதீர்கள். எனக்கு வரும் புகார்களில் என்னை அதிகம் கோபப்படுத்துவது இந்த வியாபாரம்தான்.

யாருடைய பணமோ உங்கள் கணக்கில் சில நாள் வந்து உட்காரும். வங்கிச் சான்று வாங்கியதும் அந்தப் பணம் போய்விடும், பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்துவிடும். ஆனால் 2019 மார்ச் முதல் உள்ள விதி வேறு. விண்ணப்பிப்பதற்கு 2 மாதம் முன்பிருந்தே 8 லட்சம் கணக்கில் இருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் 3 மாதம் அப்படியே இருக்க வேண்டும். அதற்குப் பின் வருடம் முழுக்க 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. சில நாள் வந்து போகும் பணம் இந்த விதிக்குள் எப்படி அடங்கும்? யாரோ கண்ணை மூடிக்கொண்டால்தான் அந்த முத்திரை கிடைக்கும். அந்த அதிகாரி மாற்றலாகிப் போனாலோ, அடுத்த வருடம் வேறு அலுவலகம் 12 மாதக் கணக்கைக் கேட்டாலோ, போய் நிற்கப்போவது நீங்கள். நீட்டிப்புக்கான டிஎம் 7 படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. ஏஜென்டின் பெயர் அதில் எங்கும் இல்லை. இதைவிட மோசம், முத்திரையே போலியாக இருப்பது. அது விமான நிலையத்தில்தான் தெரியவரும்.

தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்றால், அவர்களை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்றுதான் பொருள்.

8 லட்சம் வைப்பது செலவு இல்லை. அது உங்கள் பணம், உங்கள் பெயரிலேயே இருக்கும். ஏஜென்டுக்குக் கொடுப்பதுதான் திரும்பி வராது. அரசுக் கட்டணமோ வெறும் 1,900 பாட். தொகை குறைந்தால் வேறு வழிகளும் உண்டு. மாதம் 65,000 பாட் வருமானம் காட்டலாம். அல்லது வருட வருமானத்தையும் வைப்பையும் சேர்த்து 8 லட்சம் ஆக்கலாம். ஓய்வூதியம் மாதம் 40,000 பாட் என்றால் வருடத்துக்கு 4,80,000. மீதி 3,20,000 வங்கியில் இருந்தால் போதும். இந்தச் சேர்ப்பு முறைக்கு என்னென்ன சான்று வேண்டும் என்பதை உங்கள் பகுதி குடிவரவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க, கூட வந்து வரிசையில் நிற்க ஏஜென்ட் வைப்பதில் தவறே இல்லை. அந்த வேலைக்குத் தாராளமாகப் பணம் கொடுங்கள். இந்த எந்தக் கணக்கும் உங்களுக்கு ஒத்துவராவிட்டால், வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே அது தெரிந்தது நல்லது.

கேள்வி: முத்திரை கிடைத்த அடுத்த வாரமே கார் வாங்கப் பணம் எடுத்துவிட்டேன். கணக்கில் இப்போது 1 லட்சம்தான் இருக்கிறது. அடுத்த நீட்டிப்புக்கு 2 மாதம் முன்னால் நிரப்பினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. மேலே சொன்ன விதியைப் படியுங்கள். கார் வாங்கும்போது அதன் டயர்வரை பார்த்திருப்பீர்கள், இந்த விதியையும் பார்த்திருக்க வேண்டாமா? உடனே பணத்தைத் திரும்பப் போடுங்கள். நடுவில் விழுந்த பள்ளம் பாஸ்புக்கில் அப்படியே தெரியும், நீட்டிப்பை மறுக்க அது போதும். மறுத்தால் வெளியே போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: இலவசமாகக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரலாமா? பிறகு சிறு கட்டணம் வாங்கலாமா?

பதில்: வேலை அனுமதி இல்லாமல் இரண்டும் வேண்டாம்.

கேள்வி: நீட்டிப்புக்காக ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டும் முழுப் பணமும் கொடுத்தேன். இப்போது அவர் போனை எடுப்பதில்லை, அலுவலகமும் பூட்டியிருக்கிறது. என் அனுமதி முடிய 9 நாள்தான் இருக்கிறது. தனியாக இருக்கும் பெண் நான். மகனிடம் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.

பதில்: அம்மா, கூச்சப்பட வேண்டியவர் அந்த ஆள். மகனிடம் இன்றே சொல்லுங்கள், உங்களோடு ஒருவர் நிற்பது இப்போது முக்கியம்.

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலை வாங்குங்கள். மொழிச் சிக்கல் என்றால் சுற்றுலாக் காவல்துறையை 1155 எண்ணில் அழைக்கலாம். புகார் நகலோடு உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குப் போய் மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட் உங்கள் நாட்டு அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க ஏஜென்டுக்கு உரிமையே கிடையாது. மாற்றுப் பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். பழைய பாஸ்போர்ட்டின் நகலும் புகாரும் எடுத்துக்கொண்டு, அனுமதி முடியும் முன்பே குடிவரவு அலுவலகத்தில் நேரில் சொல்லிவிடுங்கள். அவர்களின் உதவி எண் 1178.

சில நாள் தாண்டிவிட்டாலும் உடைந்துபோக வேண்டாம். அபராதம் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. நீங்களாகவே போய் நிற்பதுதான் பாதுகாப்பு. 90 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு நீங்களாகவே வெளியேறினால் 1 வருடத் தடை. நாள் தாண்டிய நிலையில் பிடிபட்டால், தாண்டியது ஒரு வருடத்துக்குள் இருந்தாலும் 5 வருடத் தடை. ரசீது, குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள். பணத்தைக் கேட்டு 1166 எண்ணில் நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்திடமும் புகார் செய்யுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு அவசியம் எழுதுங்கள்.

கேள்வி: ஓ-ஏ என்ற ஓய்வுக்கால விசாவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயமாமே. இருப்பதில் மலிவானதை வாங்கினால் போதாதா?

பதில்: விசாவுக்குப் போதும், உடம்புக்குப் போதாது. சொந்த நாட்டில் இருந்தே எடுக்கும் ஓ-ஏ விசாவுக்கு 2019 அக்டோபர் 31 முதல் காப்பீடு கட்டாயம். இப்போது 30 லட்சம் பாட் அளவுக்கு இருக்க வேண்டும். நானும் அப்படி ஒரு மலிவு பாலிசி வாங்கினேன். மருத்துவமனையில் படுத்தபோதுதான், பில்லின் பெரும்பகுதியை நம் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்ற நிபந்தனை எனக்குக் காட்டப்பட்டது. விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாங்கும் முன் கேளுங்கள்: மருத்துவமனை பில்லில் முதலில் எவ்வளவு நாம் கட்ட வேண்டும்? பழைய நோய்கள் எல்லாம் விலக்கா? எந்த வயதில் புதுப்பிக்க மறுப்பார்கள்?

நான்-ஓ என்ற வேறு வகை விசாவில் வந்து ஓய்வுக்கால நீட்டிப்பு வாங்குபவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்களும் ஒரு நல்ல பாலிசியோ, தொடாத தனிச் சேமிப்போ வைத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: ஒரு வருட நீட்டிப்பு இருக்கிறதே என்று மகள் கல்யாணத்துக்கு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தால் அந்த நீட்டிப்பே செல்லாது என்கிறார்கள்.

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். நாட்டை விட்டுக் கிளம்பும் முன் ரீ-என்ட்ரி பெர்மிட், அதாவது திரும்பி வருவதற்கான அனுமதி, வாங்கியிருக்க வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாட், பல முறைக்கு 3,800. மறுபடி நான்-ஓ விசாவிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: அடுக்குமாடி வீடு வாங்கினால் ஓய்வுக்கால விசா தானாகக் கிடைக்கும் என்கிறார் விற்பவர்.

பதில்: பொய். ஒரு கட்டடத்தின் மொத்தப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வாங்கலாம், அவ்வளவுதான். இப்படிச் சொல்பவரிடம் வீடும் வாங்காதீர்கள்.

கேள்வி: டிஜிட்டல் வருகை அட்டைக்கு ஒரு இணையதளம் பணம் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: வேண்டாம். 2025 மே 1 முதல் நடைமுறையில் உள்ள அந்த அட்டை, அரசுத் தளத்தில் இலவசம்.